படித்தான், புரிந்ததா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை நண்பர் ஒருவர் இல்லத்துக்குப் போயிருந்தோம். காப்பி வந்தது. காப்பியைத் தொடர்ந்து நண்பரின் புதல்வனும் வந்தான். வயது ஒன்பது. "மாமாவுக்கு உன் இங்கிலீஷ் பாடத்தைப் படித்துக் காட்டடா!" என்று தகப்பனார் உத்தரவிட்டார். பையன் புத்தகத்தைப் பிரித்து ஆரம்பித்தான். என்ன வேகம்! என்ன கம்பீரம்! ஒரு பக்கம் முழுவதையும் எங்கும் தடுக்காமல், மூச்சு விடுவதற்குக்கூட நில்லாமல் படித்து முடித்தான். தகப்பனாருடைய முகம் பூரித்தது.

"பேஷ்! அந்தக் கதையில் வரும் கிழவனுக்குக் கடைசியில் என்ன நேர்ந்தது, தம்பி?" என்று நாம் தமிழிலேயே கேட்டோம்.

பையன் நம்மைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், பாடத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "இந்தப் பாடத்துக்கு டீச்சர் இன்னும் கேள்வி பதில் எழுதிப் போடவில்லை, மாமா!" என்றான்.

தகப்பனாருடைய முகம் சுருங்கிப் போயிற்று. பையன் பேரில் குற்றமில்லை. அவன் மிகவும் யோக்கியமாகப் பதில் சொன்னான். கிழவன் ஒருவன் அந்தக் கதையில் இருக்கிறான் என்பதே நாம் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது!

நாம் விடைபெற்றுக் கிளம்பும் சமயத்தில் இன்னொரு சம்பவமும் நடந்தது. அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் மகள் வாசலில் நின்று கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தன் தாயாருக்கு வைத்தியர் கொடுத்த இரண்டு மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக் கொண்டு, "இதில் ராத்திரி போடுகிறது எது என்று பார்த்துச் சொல்லுங்கள், அம்மா" என்று வீட்டு எஜமானியிடம் கேட்டாள். வைத்தியர் சீட்டில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எட்டு வருஷம் பாடசாலையில் இங்கிலீஷ் பாடம் கேட்ட பெண் அவள்.

ஒரு குழந்தை படிக்கிறது, பொருள் தெரியவில்லை. இன்னொரு குழந்தைக்குப் பொருள் அவசரமாக வேண்டியிருக்கிறது, படிக்கத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்பது நமது அபிப்பிராயம். இங்கிலீஷை வாசிக்கவும் எழுதவும் அந்நிய பாஷைக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதைப் பற்றி உலகத்தில் பலர் நூறு வருஷங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட உண்மைகளில் சில நம் வீட்டுக் கூடத்துக்கே பயன்படக் கூடியவை.

எழுத்தின் பெயரும் ஒலியும்

தமிழில் 'அ' என்னும் எழுத்தின் பெயர் என்ன? 'அ' தான். அதன் ஒலி என்ன? அதுவும் 'அ' தான். 'ப'வையும் 'ட'வையும் 'ம்'மையும் அடுத்தடுத்துச் சொன்னால் 'படம்' தானாகவே வந்து நிற்கிறது. 247 எழுத்துக்களையும் கற்பது ஆரம்பத்தில் மலைப்பாகத் தோன்றினாலும், கற்றபின் குழந்தை எந்தச் சொல்லையும் தன் முயற்சியாலேயே வாசித்து விடுகிறது.

இங்கிலீஷின் கதை வேறு. எழுத்துக்கள் 26 தான். ஆனால் அவற்றைக் கொண்டு எழுத வேண்டிய ஒலிகள் ஏறக்குறைய 44. போதாக்குறைக்கு எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி ஒன்று. "சி, ஏ, டி - கேட், கேட் என்றால் பூனை" என்று தலைமுறை தலைமுறையாக நம் குழந்தைகள் ராகம் போட்டு வருகிறார்கள். 'சி'யையும் 'ஏ'யையும் 'டி'யையும் ஆயிரம் தடவை சேர்த்துச் சொன்னாலும் 'சிஏடி' என்று வருமேயன்றிப் பூனை வருமா? ஆகையால் குழந்தை யோசிப்பதை விட்டுவிட்டு நெட்டுருப் போடத் தொடங்குகிறது. அன்று ஆரம்பித்த நெட்டுரு பிறகு கட்டுரை வரையில் விடுவதில்லை.

எழுத்தின் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அதன் ஒலியைக் கற்பிப்பதுதான் இதற்குப் பரிகாரம். 'சி' என்று சொல்லாமல் 'க்' என்று தொடங்கினால் மூன்று ஒலிகளும் கூடிச் சொல்லாகி விடுகின்றன. "ஆனால் அதே எழுத்து வேறிடத்தில் 'ஸ்' என்று ஒலிக்கிறதே?" என்று கேட்கலாம். தமிழ்க் குழந்தைக்கு இது புது விஷயமே அல்ல. 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்ற மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே 'க'. ஒலியோ மூன்று விதம். இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றிக் கொள்ள நம் குழந்தை முன்னமே அறிந்திருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டி, "இங்கிலீஷிலும் அப்படித்தான். 'சி'க்குப் பின்னால் ஏ, ஓ, யூ வந்தால் 'க்' ஒலி, ஈ, ஐ, ஒய் வந்தால் 'ஸ்' ஒலி" என்று சொல்லிக் கொடுத்தால் பயம் தெளிந்து விடும்.

விதிக்கு அடங்காத சொற்களும் இங்கிலீஷில் உண்டுதான். காக்ஸ்டன் என்பவர் 1476-ஆம் வருஷம் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக் கூட்டல் நிலைத்துப் போயிற்று. நாக்கு மட்டும் நிலைக்கவில்லை. போர் வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் தலையில் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாயாரச் சொல்லப்பட்ட எழுத்து. இன்று அது பழைய பங்களாவின் வாசலில் நிற்கும் சேவகனைப்போல் வெறுமனே நின்று கொண்டிருக்கிறது. இந்தக் கதையைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த விநோதம் மனத்தில் தங்கும். காரணம் தெரியாத விநோதம் பிரம்படியால்கூடத் தங்காது.

காது முந்தி, கண் பிந்தி

நம் பாஷையில் இல்லாத ஒலிகளைக் கண்ணால் மட்டும் கற்க முடியாது. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்துக்களை அடுக்கிக் கொண்டு தொடங்குவதில்லை. ஆகையால் 'ஸ்கூல்' நம் வாயில் 'இஸ்கூல்' ஆகிறது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடிவதுமில்லை. ஆகையால் 'புக்' என்பது 'புக்கு' ஆகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் காதின் இலக்கணம் அது. ஆனால் காதில் ஒலி சரியாக விழாத குழந்தை கையால் அதைச் சரியாக எழுதவும் மாட்டாது. எனவே எழுத்துக்கு முன் கேள்வி வேண்டும்.

கவி ரவீந்திரநாத் தாகூர் இதை நன்கு அறிந்திருந்தார். 1913-ஆம் வருஷம் நோபல் பரிசு பெற்ற அந்த மகாகவி வங்காளிக் குழந்தைகளுக்காக இங்கிலீஷ் பாலபாடப் புத்தகங்கள் எழுதினார் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாயிருக்கலாம். அவற்றுள் ஒன்றின் பெயர் 'இங்கரேஜி சுருதி சிக்ஷா'. அதாவது, காதால் கேட்டு இங்கிலீஷ் கற்றல். சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் பாடசாலை நடத்திய மகானுக்குக் குழந்தைகளின் அரிச்சுவடி தமது கவிதைக்குக் குறைந்த காரியமாகத் தோன்றவில்லை.

டாக்காவில் ஒரு பிரின்ஸிபால்

தாகூரின் வங்காளத்திலேயே இன்னொரு பரிசோதனையும் நடந்தது. மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் 1912-ஆம் வருஷம் இந்தியக் கல்வி இலாகாவில் சேர்ந்து, பின்னர் டாக்காவில் உபாத்தியாயர் பயிற்சிக் கல்லூரியின் பிரின்ஸிபாலாக இருந்தார். அங்கே அவர் கண்ட காட்சி, நாம் நண்பர் வீட்டு வாசலில் கண்ட காட்சிதான். இங்கிலீஷ் கற்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முடிவு வரையில் வருவதில்லை. இடையிலே நின்று விடுகிறார்கள். பாடத் திட்டமோ முடிவு வரையில் வருகிறவர்களுக்காகவே வகுக்கப்பட்டிருந்தது.

1926-ஆம் வருஷம் வெளியான இருமொழிக் கல்வி பற்றிய தமது நூலில் வெஸ்ட் ஓர் அருமையான கேள்வியைக் கேட்டார். நாம் ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிஸி எடுக்கிறோம். சில வருஷம் பணம் கட்டிவிட்டு, மேலே கட்ட முடியாமல் கைவிட்டால் கம்பெனி ஏதோ ஒரு தொகையைத் திருப்பித் தருகிறது. அதைச் 'சரண்டர் வால்யூ' என்கிறார்கள். மூன்றாம் வருஷத்திலோ ஐந்தாம் வருஷத்திலோ படிப்பை விடுகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் பாடத்தில் கிடைக்கும் 'சரண்டர் வால்யூ' என்ன? அரைகுறையாகக் கற்ற பேச்சு யாருடனும் பேசப் பயன்படாது. அரைகுறை இலக்கணம் எதற்குமே பயன்படாது. ஆனால் எளிய புத்தகம் ஒன்றைத் தானே வாசித்துப் பொருள் தெரிந்து கொள்ளும் சக்தி மட்டும் வந்துவிட்டால், அது எந்த வருஷத்தில் படிப்பை விட்டாலும் கையில் நிற்கும் முதல். ஆகையால் வாசிப்பை முன்னால் வையுங்கள் என்றார் வெஸ்ட்.

அக்காலத்து வாசக புஸ்தகங்களையும் அவர் ஆராய்ந்தார். குழந்தைக்கு மூச்சு முட்டும்படி ஒரே பக்கத்தில் புதுச் சொற்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் பல, இங்கிலாந்துக்காரர்களே பேச்சில் வழங்காத பழைய காவியச் சொற்கள். வெஸ்ட் அவற்றை நீக்கிவிட்டுப் பழகிய சொற்களை வைத்தார். புதுச் சொற்களை இடைவெளி விட்டுத் தூவினார். வந்த புதுச் சொல் திரும்பத் திரும்ப வரும்படி கதையை அமைத்தார். இம்முறையில் எழுதிய அவருடைய வாசகங்களை லாங்மன்ஸ் கம்பெனியார் பிரசுரித்தார்கள். பின்னர் 1953-ல், இங்கிலீஷில் மிகுதியாகப் பயன்படும் ஏறக்குறைய 2,000 சொற்களைத் தொகுத்து ஒரு பட்டியலாகவும் வெஸ்ட் வெளியிட்டார். அகராதியில் லட்சக்கணக்கான சொற்கள் இருக்கலாம். முதலில் குழந்தைக்கு வேண்டியவை இந்தச் சில ஆயிரங்கள்தான்.

இன்று வெஸ்டின் முறையை அப்படியே கைக்கொள்ள வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. பேச்சைப் பின்னால் தள்ளியது இக்காலத்துக்குப் பொருந்தாது. ரேடியோவும் டெலிபோனும் இங்கிலீஷை வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டன. ஆனால் அவருடைய கேள்விக்கு நாம் இன்னமும் பதில் சொல்லியாகவில்லை. மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக் கொண்டு வாசலில் நின்ற பெண் அந்தக் கேள்வியைத்தான் கேட்டாள்.

பிஜித் தீவில் புத்தக வெள்ளம்

வாசிப்பு வளர வேண்டுமானால் வாசிக்க ஏதேனும் வேண்டுமல்லவா? பாடப்புத்தகம் ஒன்று, அதையே வருஷம் முழுவதும் அரைப்பது. இதனால் விளையும் பயன் என்ன?

பாரதியார் உள்ளம் உருகிப் பாடிய பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களை நேயர்கள் அறிவார்கள். நம் தமிழ் மக்களும் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற நாடு அது. அங்கே குழந்தைகள் வீட்டில் பிஜி பாஷையோ ஹிந்தியோ பேசுகிறார்கள். பாடசாலையில் இங்கிலீஷ் கற்கிறார்கள். எல்லி, மங்குபாய் என்ற இரு அறிஞர்கள் புத்தகமே அரிதாயிருந்த எட்டுக் கிராமப் பாடசாலைகளைத் தேர்ந்தெடுத்து, நான்காம் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்காகப் பாடசாலைக்கு 250 இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் வீதம் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் உபாத்தியாயரும் குழந்தைகளும் சேர்ந்து கதையைப் படித்துப் பேசினார்கள்; மற்ற வகுப்புகளில் குழந்தைகள் மௌனமாகத் தாமே படித்தார்கள். இப்படிப் படித்தவர்கள் 380 பேர். பழைய முறையிலேயே பாடம் கேட்டு வந்த 234 குழந்தைகளோடு அவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

எட்டு மாதம் கழித்துப் பரீட்சை வைத்தபோது, கதை படித்த குழந்தைகள் வாசித்துப் பொருள் கொள்வதிலும் கேட்டுப் பொருள் கொள்வதிலும் வழக்கத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். இருபது மாதம் ஆனபோது அந்த லாபம் இன்னும் பெருகி, மொழியின் இதர திறமைகளுக்கும் பரவியிருந்தது. 1983-ல் பிரசுரமான இந்த ஆராய்ச்சிக்குப் 'புத்தக வெள்ளம்' என்று பெயர் வழங்குகிறது. பெரிய யந்திரங்கள் எவையும் அங்கே பயன்படவில்லை. குழந்தைக்குப் பிடித்த கதை, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

எழுத்து எங்கே பிறக்கிறது?

எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் இங்கிலீஷில் எழுதுவது பெரும்பாலும் பார்த்து எழுதுவதாகவே இருக்கிறது. 'பசு' என்ற தலைப்பில் பசுவையே பார்த்திராத குழந்தையும் மனப்பாடமாகப் பத்து வாக்கியம் எழுதி விடுகிறது. "உன் பாட்டியைப் பற்றி இரண்டு வரி எழுது" என்றால் பேனா நின்று விடுகிறது.

நியூஸிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஸில்வியா ஆஷ்டன் வார்னர் என்னும் உபாத்தியாயினி இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அழைத்து, "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்பார். குழந்தை கேட்ட சொல்லை அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்து விடுவார். குழந்தைகள் கேட்டவை பயத்தையும் பாசத்தையும் பற்றிய சொற்கள்: அம்மா, அப்பா, பேய், முத்தம். ஒரு தடவை பார்த்த அளவிலேயே அவை மனத்தில் பதிந்தன. அந்தச் சொற்களிலிருந்து வாக்கியங்களும், வாக்கியங்களிலிருந்து குழந்தையின் சொந்தக் கதைகளும் பிறந்தன. 1963-ல் வெளியான அவருடைய 'டீச்சர்' என்னும் நூல் இந்த அநுபவத்தைக் கூறுகிறது.

தமிழ்க் குழந்தைக்கு எழுதும்போது நேரும் இடறல்கள் இன்னவை என்றும் நாம் அறிந்திருப்பது நலம். தமிழில் வினை கடைசியில் வரும்: "ராமன் பழம் தின்றான்." இங்கிலீஷில் தின்றது நடுவிலும் பழம் கடைசியிலும் வரும். தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'இல்', 'உக்கு', 'ஓடு' முதலிய உருபுகளின் வேலையை இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறு சொற்கள் செய்கின்றன. 'ஏ', 'தி' என்று பெயருக்கு முன் ஓடிவரும் கட்டியக்காரர்கள் நம் பாஷையில் இல்லவே இல்லை. ஆகவே குழந்தை அவற்றை மறந்து விட்டால் அது அசட்டுத்தனம் ஆகாது. தமிழ் மனம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சிவப்பு மசியால் கிழிக்காமல் இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அடுத்த தடவை அதுவே திருத்திக் கொள்ளும்.

ஏணியை உதைக்கலாமா?

இவ்வளவும் சொன்ன பிறகு நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒலியை விளக்கியபோதும், வாக்கியத்தை விளக்கியபோதும், "கிழவனுக்கு என்ன நேர்ந்தது?" என்று விசாரித்தபோதும் நாம் தமிழைத்தான் துணைக்கு அழைத்தோம். இங்கிலீஷ் வருவதற்காகத் தமிழை வீட்டிலிருந்து துரத்துகிற பெற்றோர் ஏறுகிற ஏணியையே உதைக்கிறார்கள். எழுத்து என்பது ஒலியின் அடையாளம், வாக்கியம் என்பது கருத்தின் உருவம் என்ற ஞானம் மனிதனுக்கு ஒரு தடவைதான் உதயமாக வேண்டும். அது தெரிந்த பாஷையில் உதயமாவது சுலபம். உதயமான பிறகு எந்தப் பாஷைக்கும் அது உடன் வரும்.

ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்திலும் இங்கிலீஷ் ஆட்சி மொழியாக வந்த மொழிதான். அங்கே ஈபே சர்வகலாசாலையார் 1970-ல் பேராசிரியர் பாபுன்வாவின் தலைமையில் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். ஒரு சாராருக்கு ஆறு வருஷமும் தாய்மொழியான யொருபாவிலேயே பாடம். இங்கிலீஷைத் தனிப் பாடமாகத் தேர்ந்த உபாத்தியாயர் கற்பித்தார். இன்னொரு சாராருக்கு வழக்கம்போல் மூன்று வருஷத்துக்குப் பின் எல்லாம் இங்கிலீஷில். முடிவில் தாய்மொழியில் படித்தவர்கள் மற்றப் பாடங்களில் முந்தி நின்றார்கள், இங்கிலீஷிலும் பின்தங்கவில்லை.

காந்தி மகான் 1938-ல் 'ஹரிஜன்' பத்திரிகையில் தம் பள்ளிக்கூட அநுபவத்தை எழுதியபோது, கணிதம் முதலியவற்றை இங்கிலீஷ் மூலம் நாலு வருஷத்தில் கற்றதைக் குஜராத்தியில் ஒரே வருஷத்தில் கற்றிருக்கலாம் என்று வருந்தினார். அவர் இங்கிலீஷை வெறுத்தவர் அல்லர். அதில் தெளிவாகவும் எளிமையாகவும் எழுதிய சிலரில் அவர் ஒருவர். தாய்மொழியில் வேரூன்றியவர்களுக்கே அந்நிய மொழியில் அத்தகைய எளிமை கைகூடும் போலும்!

இன்று மாலையே தொடங்கலாம்

பெற்றோர்கள் செய்யக் கூடியவை சில உண்டு. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குழந்தை ஒரு பக்கம் படித்தவுடன், "என்ன நடந்தது? தமிழில் சொல்" என்று கேளுங்கள். பாடப் புத்தகத்தைவிடச் சுலபமான கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வையுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தெரியாமலிருந்தால் அது இன்னும் கடினம் என்று அறிந்து வேறொன்று பாருங்கள். வெஸ்ட் தமது பிற்காலத்தில் சொன்ன உபாயம் ஒன்றும் உண்டு: குழந்தை ஒரு சிறு சொற்றொடரை மனத்துக்குள் படிக்க வேண்டும், பிறகு புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். கண்ணால் எடுத்ததை மனத்தில் வைத்துத்தானே சொல்ல முடியும்? கிளிப்பிள்ளைப் படிப்பு அங்கேயே அற்றுப் போகிறது.

சென்ற வாரம் மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் பையன் ஒரு படக்கதைப் புத்தகத்தை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே மாத்திரை அட்டைப் பெண். அவன் ஒரு வரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அவளிடம் சொன்னான். அவள் ஒரு வரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அவனிடம் சொன்னாள். வேகம் இல்லை, கம்பீரமும் இல்லை. இடையிடையே தமிழில் ஒரு விவாதம் வேறு நடந்தது.

"மாமா, அந்தக் கிழவனுக்கு என்ன ஆயிற்று தெரியுமா?" என்று பையன் நம்மைப் பார்த்ததும் கேட்டான்.

"தெரியாதே, அப்பா!" என்றோம்.

அவன் சொல்லத் தொடங்கினான். அவன் தவறவிட்ட இடங்களை அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள்.